இழுப்பு வண்டியும் எரிந்த எண்ணெயும்

கராடியில் வாழும் நம் சங்கத்து அன்பர்களில் பலர் அண்ணாச்சியை அறிவார்கள். பெயரை அச்சில் போட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டமையால், அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். நகர் சாலையிலும் புறவழிச்சாலையிலும் பழுதுற்று நின்றுவிடும் கார்களின் முன்சக்கரங்களைச் சிறு டிரெய்லரின்மேல் ஏற்றித் தமது பிக்கப் வண்டியால் இழுத்துச் சென்று பட்டறை சேர்ப்பது அவர் தொழில். இடது முழங்காலில் வலி கண்டதால், கிளட்ச் மிதிக்கும் வேலை இல்லாத ஆட்டோமேடிக் பிக்கப் ஒன்றைப் பழையதாக விலைக்கு வாங்கினார். மாலை வேளையில் நகர் சாலையின் நெரிசலைப் பார்த்தவர்கள் அவர் செய்தது தவறென்று சொல்ல மாட்டார்கள்.

சென்ற ஆண்டு, ஸாஸ்வட் போகும் வழியில் திவே காட் மலைப்பாதையில் ஒரு காரை இழுத்துக்கொண்டு ஏறியபோது, எஞ்சின் உறுமிற்றே தவிர வண்டி நகரவில்லை. கியர்ப்பெட்டியிலிருந்து எரிந்த வாடை வந்தது. பட்டறையொன்றில் பெட்டியைப் பிரித்து, கருகிய தட்டுகளையும் ரப்பர் சீல்களையும் மாற்றி, புது எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். நான்கே மாதம். மறுபடியும் அதே வாடை! இரண்டாம் முறை செலவுக்கு அவர் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போக வேண்டியதாயிற்று. "தம்பி, இது மூன்றாம் தடவையும் எரிந்தால் வண்டியை விற்றுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். ரயிலிலே இருக்கிறீரே, யாரையாவது கேட்டுச் சொல்லும்" என்றார்.

நானோ ரயில்வே குமாஸ்தா. ஆனால் லோகோ ஷெட்டில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை அறிவேன். அவரிடம் அண்ணாச்சியை அழைத்துச் சென்றேன். பெரியவர் முதலில் கேட்ட கேள்வி, "எண்ணெயைக் குளிர வைக்கும் கூலரை மாற்றினீர்களா?" என்பதே. மாற்றவில்லை. "அப்படியானால் எரிந்தது கியர்ப்பெட்டி அல்ல, உங்கள் பணம்" என்றார்.

காரணத்தை அவர் விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆட்டோமேடிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்னும் மூடிய உருளை உண்டு. அதனுள்ளே எண்ணெய். எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதன் இதழ்கள் எண்ணெயை எதிர்ச் சக்கரத்தின்மேல் வீசியடிக்க, அது சுழல்கிறது. இடையில் நிற்கும் மூன்றாம் சக்கரம் எண்ணெயின் ஓட்டத்தைத் திருப்பிவிடுவதால், கிளம்பும் நேரத்தில் முறுக்குவிசை பெருகுகிறது. ஹெர்மன் பாட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1905-ல் இதைக் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்தார். நம் ரயில்வேயும் இதை விடவில்லை. மன்மோகன் சூரி என்ற இந்தியப் பொறியாளர் டீசல் எஞ்சின்களுக்கென ஒரு நீரியல் விசைமாற்றியை வகுத்து, 1962-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு பெற்றார். அவர் பெயராலேயே அது சூரி டிரான்ஸ்மிஷன் என வழங்கிற்று. சித்தரஞ்சன் தொழிற்சாலையில் உருவான ஷண்டிங் எஞ்சின்களில் அது பொருத்தப்பட்டது. சரக்கு யார்டில் வண்டிகளைத் தள்ளும் எஞ்சினுக்கும் அண்ணாச்சியின் பிக்கப்புக்கும் வேலை ஒன்றே: மெதுவாகச் சென்று பெருஞ்சுமையை இழுப்பது.

அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. எண்ணெய்வழியாக விசை செல்லும்போது ஒரு பங்கு வழுவி உஷ்ணமாகிறது. வண்டி மெதுவாகச் செல்லச் செல்ல, சுமை கூடக் கூட, அந்தப் பங்கு பெருகும். எஞ்சின் 60 கிலோவாட் தருகிறது, அதில் கால்பங்கு வழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 15 கிலோவாட். நம் வீடுகளில் சட்டென்று சுடுநீர் தரும் 3 கிலோவாட் கீசர்கள் ஐந்தைக் கியர்ப்பெட்டிக்குள் வைத்து எரிப்பதற்குச் சமம். திவே காட்டில் நடந்தது இதுதான். டீசல் ரயில் எஞ்சின்களில்கூட, குறித்த வேகத்துக்குக் கீழே முழு விசையுடன் இத்தனை நிமிடத்துக்குமேல் இழுக்கக்கூடாது என்று விதி உண்டு. மின்மோட்டார் உள்ளவற்றில் மோட்டார் கருகும், எண்ணெய் உள்ளவற்றில் எண்ணெய் கருகும், அவ்வளவே வேறுபாடு.

எண்ணெய் சுமார் 80 டிகிரியில் இருந்தால் நெடுநாள் உழைக்கும். அதற்குமேல் ஏறத்தாழ 11 டிகிரி ஏறுந்தோறும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் வழங்கும் கணக்கு. 120-ஐத் தாண்டினால் எண்ணெய் பிசுபிசுத்து வார்னிஷ்போல் வால்வுகளில் படியத் தொடங்கும். பின்னர் ரப்பர் சீல்கள் இறுகி அழுத்தம் கசியும். அழுத்தம் குறைந்தால் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றாமல் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. எங்கே தொடங்கிற்று என்று கண்டுபிடிக்காமல் தட்டுகளை மட்டும் மாற்றுவது, கூரை ஒழுகும் வீட்டில் பாயை மாற்றுவது போலத்தான்.

முதல் பட்டறை செய்யத் தவறியது இன்னொன்றும் உண்டு. கருகிய தட்டுகளின் தூளும் உலோகத் துகளும் கூலரின் நுண்குழாய்களிலும் டார்க் கன்வர்ட்டரின் வயிற்றிலும் தங்கியிருந்தன. அவற்றைக் கழுவாமல் புதுத் தட்டுகளைப் போட்டால், அதே அழுக்கு புது எண்ணெயோடு கலந்து மீண்டும் உள்ளே வரும். நான்கு மாதத்துக்குக் காரணம் விளங்குகிறதல்லவா?

நிற்க. இரண்டாம் முறை வேறு பட்டறையில், பெரியவர் கூடவே நின்று செய்வித்தவற்றைச் சொல்கிறேன். டார்க் கன்வர்ட்டரை மாற்றினார்கள். கூலரைக் கழுவ முயலாமல் புதிதாகவே போட்டு, ரேடியேட்டருக்கு முன்னே பெரியதாக இன்னொரு கூலரையும் சேர்த்தார்கள். தட்டுகளைப் புது எண்ணெயில் ஊறவைத்து அடுக்கி, இடைவெளியை பீலர் கேஜால் அளந்தார்கள். பெட்டியை மூடுமுன் ஒவ்வொரு கிளட்சுக்கும் காற்றழுத்தம் கொடுத்து, பிஸ்டன் நகர்கிறதா, காற்று கசிகிறதா என்று பார்த்தார்கள். இந்தச் சோதனைக்குச் சில நிமிடமே ஆகும். இதைச் செய்யாத பட்டறையில் வண்டியை விடாதிருப்பது நலம் என்பது என் அபிப்பிராயம். கடைசியாக, கணினி பழைய தட்டுகளுக்கேற்பப் பழகிய கணக்குகளை அழித்துப் புதிதாகக் கற்கச் செய்தார்கள்.

பட்டறைக்காரர், "இன்னும் இரண்டு தட்டு கூட்டிப் போடுவோம், எண்ணெய் அழுத்தத்தையும் ஏற்றுவோம்" என்று ஆசை காட்டினார். பெரியவர் இணங்கவில்லை. தட்டுகள் கூடினால் பற்றும் வலிமை கூடும் என்பது உண்மை. ஆனால் இடம் வேண்டுமே! இடைத்தட்டுகளை மெலிதாக்கினால் அவை உஷ்ணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் சக்தி குறையும். அழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் கியர் மாறுந்தோறும் அடி விழுந்து வேறு பாகம் உடையும். மேலும், தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவது குறித்து 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கண்டிப்பானது. 2019-ல் உச்சநீதிமன்றமும் அதை வலியுறுத்தியிருக்கிறது. வேறு வண்டியின் கியர்ப்பெட்டியைக் கொண்டுவந்து பொருத்துவோர் இதை நினைவில் கொள்க.

அண்ணாச்சி தாமாகவே கேட்டு வாங்கியது ஒன்றுண்டு. ஓட்டுநர் முன்னால், கியர்ப்பெட்டி எண்ணெயின் உஷ்ணத்தைக் காட்டும் மானி. முன்பு அவருக்கு எரிந்த பிறகு மூக்குதான் சொல்லிற்று. இப்போது முன்கூட்டியே கண் சொல்லும். ஏற்றத்தில் கியரைத் தாமே கீழே நிறுத்தி வைக்கவும் பழகிக்கொண்டார். பெட்டி மேல்கியருக்கும் கீழ்கியருக்குமாகத் தவிக்காமல், கன்வர்ட்டரின் பூட்டுக் கிளட்ச் பற்றி நின்றால் வழுவலே இராது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் எண்ணெயை வடித்துத் தொட்டியின் காந்தத்தைப் பார்த்தார்கள். சாம்பல்நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருந்தது, அது இயல்பு. துண்டுத் துகள் ஒன்றுமில்லை.

சென்ற ஞாயிறன்று நானும் அவருடன் திவே காட் ஏறினேன். பின்னால் ஒரு கனத்த கார். பாதி மலையில் மானி 112 காட்டிற்று. அவர் அகலமான ஓரத்தில் வண்டியை நிறுத்தி, டிரெய்லர் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, எஞ்சினை அணைக்காமல் பார்க்கில் போட்டுச் சற்று வேகமாக ஓடவிட்டார். எஞ்சின் ஓடினால்தான் பம்பு எண்ணெயைக் கூலர்வழியே சுற்றும். காரின் சொந்தக்காரர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்தார். அண்ணாச்சி அவருக்கும் ஒரு தம்ளர் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மானியில் முள் 90-க்கு இறங்கும்வரை அசையவில்லை. வளையல்கள் தை மாதத்தில் மீண்டுவிடும் என்று அன்று சொன்னார்.