தளபதி ஜெயிப்பாரா? ஆரணி கேட்கறது வேற கேள்வி



2021 தேர்தல் தேதி இன்னும் வராத நேரம். ஆனா ஆரணியில டீக்கடை, தறி ஓடுற தெரு, ரைஸ் மில் வாசல்னு எங்க நின்னாலும் ஒரே கேள்விதான்: "உங்க ஆளு ஜெயிச்சிடுவாரா?" நம்ம பசங்க உடனே மொபைலை எடுத்து ஏதாவது ஒரு கருத்துக்கணிப்பு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுறாங்க. கேட்டவர் பார்க்கறார், தலையாட்டறார், போயிடறார். அவருக்குப் பதில் கிடைக்கலைன்னு நமக்குப் புரியறதே இல்ல.

அவர் சீட்டுக் கணக்கு கேட்கல. "இவரை நம்பலாமா?"ன்னு கேட்கறார். நேரடியா கேட்டா நமக்குக் கோபம் வரும்னு நினைச்சு சுத்தி வளைச்சுக் கேட்கறார். ரெண்டையும் தனித்தனியா எடுத்துக்குவோம்.

முதல்ல ஜெயிக்கிற கணக்கு. மறைக்காம சொல்லணும். 2011-ல நமக்கு 23 இடம். 2014 நாடாளுமன்றத் தேர்தல்ல பூஜ்யம். 2016-ல 89 இடம் வாங்கி பிரதான எதிர்க்கட்சி ஆனோம். அன்னிக்கு ரெண்டு கூட்டணிக்கும் வாக்கு வித்தியாசம் ஏறக்குறைய 1 சதவீதம்தான், ராதாபுரத்துல வெறும் 49 ஓட்டுல தோத்தோம். 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தல்ல டெபாசிட்டே போச்சு. அன்னிக்கு சாயங்காலம் "ஸ்டாலினால முடியாதுப்பா"ன்னு சொன்னவங்க எல்லாம் எதிர்க்கட்சிக்காரங்க இல்ல. நம்ம கிளைக் கழகத்துலயே இருந்தாங்க.

2018 ஆகஸ்ட் 28-ல தலைவர் ஆனார். தலைவரா அவர் சந்திச்ச முதல் பொதுத்தேர்தல் 2019. தமிழ்நாட்டுல 39-ல 38 நம்ம கூட்டணிக்கு. நம்ம ஆரணி தொகுதியில காங்கிரஸ் வேட்பாளரை 2 லட்சத்துக்கும் மேல வித்தியாசத்துல அனுப்பி வெச்சோம். ஆனா அதே வருஷம் நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்ல 13 நமக்கு வந்தாலும், அவங்களுக்குக் கிடைச்ச 9 ஆட்சியைக் காப்பாத்த போதுமானதா இருந்துச்சு. அக்டோபர்ல விக்கிரவாண்டி, நாங்குநேரி ரெண்டும் நம்ம கூட்டணி கையில இருந்த தொகுதிகள். ரெண்டையும் விட்டோம். அதனால 38-ஐ மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்காதீங்க. டெல்லிக்கு ஓட்டு போட்ட கை கோட்டைக்கும் அப்படியே போடும்னு எந்தச் சட்டமும் இல்ல.

தோத்தவர் ஜெயிக்க மாட்டார்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். 1962-ல அண்ணாவே தோத்தார். எங்க? சொந்த ஊர் காஞ்சிபுரத்துல. நம்மளை மாதிரியே பட்டு நெய்யற ஊர். அஞ்சு வருஷத்துல 1967, ஆட்சி. எதிரணியில இருந்தே உதாரணம் வேணும்னாலும் இருக்கு: 1996-ல பர்கூர்ல ஜெயலலிதா அம்மையாரே தோத்து, அவங்க கட்சி 4 இடத்துல சுருங்குச்சு. 2001-ல திரும்ப வந்தாங்க. தோல்வியால ஒரு தலைவர் முடிஞ்சு போறதில்ல. தோத்த பிறகு என்ன பண்றார்ன்றதைத்தான் ஜனங்க கவனிக்கறாங்க.

"தமிழ்நாட்டுல தலைமைக்கு வெற்றிடம் இருக்கு"ன்னு 2018-ல ஒரு பெரிய நடிகர் சொன்னார். ரஜினி சார்தான். 2020 டிசம்பர் 29-ல கட்சி ஆரம்பிக்கலைன்னு அவரே அறிவிச்சுட்டார். அவர் உடல்நலத்தோட இருக்கட்டும். வெற்றிடப் பேச்சை இதோட விட்ருவோம்.

இப்ப கஷ்டமான பகுதிக்கு வர்றேன். நம்பிக்கை.

"துண்டுச்சீட்டு பார்த்துப் படிக்கறார்"னு கேலி பண்றாங்க. ஆமா, படிக்கறார். கலைஞர் மாதிரி பேச இன்னொருத்தர் பிறக்கணும். அதை ஒத்துக்கறதுல நமக்கு என்ன குறை? பழமொழி தடுமாறின வீடியோ வந்தா அதுக்கு எதிரா பத்து வீடியோ தேடி ஓடாதீங்க. திக்குவாய்னு சின்ன வயசுலேர்ந்து கேலி பண்ணப்பட்ட ஜோ பைடன், 1988, 2008-னு ரெண்டு தடவை வேட்பாளராகவே ஆக முடியாம திரும்பினவர், 2021 ஜனவரியில அமெரிக்க அதிபரா பதவி ஏத்துக்கிட்டார். அவ்வளவு தூரம் கூட போக வேணாம். உங்க வீட்டு ஜக்கார்டு பெட்டியைப் பாருங்க. ஓட்டை போட்ட அட்டை இல்லாம எந்த நெசவாளியாவது மனப்பாடமா முந்தானை டிசைன் போடறாரா? அட்டைப்படி சரியா விழுந்தாதான் சேலை. ஒரு அட்டை மாறினா முழு பார்டரும் போச்சு. கணக்கு சொல்றவர் பார்த்துத்தான் சொல்லணும்.

அடுத்தது "வாரிசு". 1976-ல மிசாவுல சிறை. 1984-ல ஆயிரம் விளக்குல முதல் தேர்தல், தோல்வி. 1996-ல சென்னை மேயர். 2006-ல உள்ளாட்சித் துறை அமைச்சர். 2009-ல துணை முதல்வர். கட்சித் தலைவர் ஆகும்போது வயசு 65. வாரிசுக்கு இவ்வளவு நீளமான வரிசையான்னு எனக்குத் தோணும். ஆனா இந்தப் பதிலால எல்லாரும் சமாதானம் ஆக மாட்டாங்க. கலைஞர் மகனா பிறந்தது ஒண்ணும் இல்லாத விஷயம்னு வாதாடாதீங்க, யாரும் நம்ப மாட்டாங்க. செஞ்ச வேலையைச் சொல்லுங்க, மீதியை அவங்க முடிவு பண்ணட்டும்.

இது ரெண்டையும் விட நம்ம ஊர்ல பெரிய கேள்வி மின்வெட்டு. 2008-லேர்ந்து 2011 வரைக்கும் பட்ட பாட்டை தறிக்காரங்க மறக்கல. கைத்தறிக்கு மோட்டார் வேணாம், சரி. ஆனா ராத்திரி வெளிச்சம் இல்லாம குழித்தறியில உட்கார்ந்து இழை அறுந்தா எப்படி முடிச்சு போடறது? விசைத்தறியைச் சொல்லவே வேணாம். நான் இன்ஜினியரிங் படிச்சவன், உற்பத்தி எவ்வளவு, தேவை எவ்வளவு, புது மின் நிலையம் முடிய எத்தனை வருஷம் ஆகும்னு விளக்க முடியும். ஆனா அந்த விளக்கத்தைக் கேட்கற அளவுக்கு அன்னிக்கு இருட்டுல உட்கார்ந்தவங்களுக்குப் பொறுமை இருக்கணும்னு என்ன அவசியம்? "அது நடந்தது, அதுக்கு 2011-ல தண்டனையும் கொடுத்தீங்க"ன்னு நேரா சொல்லுங்க. அப்புறம் 2006-ல கைத்தறிக்கு 100 யூனிட், விசைத்தறிக்கு 500 யூனிட் இலவச மின்சாரம் கொடுத்தது கலைஞர் ஆட்சின்னு சொல்லுங்க. 2016-ல அதை 200, 750-னு உயர்த்தினது அம்மையார் ஆட்சி. அதையும் சேர்த்தே சொல்லுங்க. மின்சார பில்லை ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கறவங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? எதிராளி செஞ்சதை ஒத்துக்கறவன் சொல்றதைத்தான் ஜனங்க உட்கார்ந்து கேட்பாங்க.

நெசவாளிக்கும் கழகத்துக்கும் உள்ள உறவு நேத்து வந்தது இல்ல. 1953-ல கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தப்ப, அண்ணாவும் கலைஞரும் தோள்ல துணியைச் சுமந்து தெருத்தெருவா வித்தாங்க. ஆனா 1953-ஐச் சொல்லி 2021-ல ஓட்டு கேட்க முடியாது. ஊரடங்குல முகூர்த்த சீசன் மொத்தமும் போச்சு. நெஞ்ச சேலை பீரோவுலயே தங்குச்சு, கூலி நின்னுச்சு. அந்த நேரத்துலதான் 2020 ஜூலையில ஒன்றிய அரசு அகில இந்திய கைத்தறி வாரியத்தையே கலைச்சது. அன்னிக்கு நம்ம தொகுதியில ஒரு அமைச்சரே எம்.எல்.ஏ.வா இருந்தார். அதுக்காக அவங்க கூட்டணிக்குள்ள எவ்வளவு சத்தமா கேட்டாங்கன்னு ஆரணி மக்களே சொல்லட்டும்.

தளபதி அப்ப பண்ணினதுல எனக்கு நம்பிக்கை தந்த விஷயம் ஒண்ணு இருக்கு. 2021 ஜனவரி 29-ல நம்ம மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலையில "உங்கள் தொகுதியில் ஸ்டாலின்" ஆரம்பிச்சார். மனுவை வாங்கி பெட்டியில போட்டு பூட்டினார், மனு கொடுத்தவங்களுக்கு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு. ஆட்சிக்கு வந்த 100 நாள்ல தீர்வுன்னு வாக்கு. வாக்குறுதி கொடுக்கறது எல்லாரும் பண்றதுதான். ஆனா கெடு வெச்சு, கையில சீட்டும் கொடுக்கறது தன் கழுத்துக்குத் தானே கயிறு மாட்டிக்கற வேலை. 101-வது நாள் அந்தச் சீட்டோட ஒருத்தர் வந்து நின்னா பதில் சொல்லியாகணும். அப்ப நாம ஆளுங்கட்சியா இருந்தா, அவர் முதல்ல வந்து நிக்கறது நம்ம வீட்டு வாசல்லதான். அதுக்கும் தயாரா இருங்க.

இன்னொண்ணு. கூட்டுறவு பயிர்க்கடன் தள்ளுபடின்னு தளபதி சொல்லிக்கிட்டே இருந்தார். 2021 பிப்ரவரி 5-ல அன்றைய முதல்வர் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடின்னு அறிவிச்சார். எதிர்க்கட்சியில இருக்கும்போதே சொன்னது நடக்குதுன்னு நாம கொண்டாடினோம், சரிதான். ஆனா மறுநாளே தறிமேடையில கேட்கறாங்க: "விவசாயிக்குத் தள்ளுபடி, எங்களுக்கு?" இதுக்கு நம்மகிட்ட அப்போதைக்குப் பதில் இல்ல. டி.ஆர்.பாலு அவர்கள் தலைமையிலான குழு 2021 தேர்தல் அறிக்கையைத் தயாரிச்சுக்கிட்டு இருந்துச்சு. பதில் அதுல வரணும்னா கேள்வி இங்கேர்ந்து போகணும்.

அதனால ரெண்டு வேலை. ஒண்ணு, தலைவர் சொல்லாத வாக்குறுதியை தலைவர் படம் போட்டு கார்டு டிசைன் பண்றதை உடனே நிறுத்துங்க. "நெசவாளர் கடன் முழுத் தள்ளுபடி"ன்னு ஒரு கார்டு ரெண்டு நாளா ஆரணி வாட்ஸ்அப் குரூப்புகள்ல சுத்துது. அது கழகம் வெளியிட்டது இல்ல. லைக் நமக்கு வரும், நாளைக்குத் திட்டு அவருக்குப் போகும்.

ரெண்டாவது, உங்க தெருவுல இருக்கற தறிகளுக்குப் போங்க. கூலி, பட்டு நூல் விலை, ஜரிகை விலை, கூட்டுறவு சங்கக் கடன், தேங்கின சேலைன்னு என்ன சொல்றாங்களோ அதை அவங்க வார்த்தையிலேயே எழுதுங்க. திட்டினாலும் எழுதுங்க. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இந்தப் பதிவுக்குக் கீழ போடுங்க. திங்கட்கிழமை காலையில மொத்தமா தொகுத்து அறிக்கைக் குழுவுக்கு அனுப்பறோம். அனுப்பினதோட நகலை இதே பக்கத்துல போடுவோம்.

#ஆரணி #உங்கள்தொகுதியில்ஸ்டாலின் #திமுக