20 வயசு ஃபைபர் படகு... கொல்லையில் நடக்குது மறுவேலை!

நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். வீட்டுக்குப் பின்னால், வழக்கமாகத் துணி காயப்போடுகிற இடத்தை 28 அடி ஃபைபர் படகு ஒன்று அடைத்துக்கொண்டு கவிழ்ந்து கிடக்கிறது. கரையிலிருந்து டிராக்டர் வைத்து இழுத்து வந்திருக்கிறார்கள். மாசி பிறந்து பத்து நாளாகிறது. மழை இல்லை, வெயிலும் இன்னும் கொளுத்தவில்லை. ஃபைபர் வேலைக்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த படகு இது. 2004 டிசம்பர் 26-ல் கட்டுமரமும் வள்ளமும் உடைந்து சிதறிய கரைகளில், அடுத்த சில வருடங்களில் ஃபைபர் படகுகள்தான் வந்து நிறைந்தன. குறுகிய காலத்தில் ஏராளமான படகுகள் தேவைப்பட்டதால் அவசர அவசரமாகச் செய்யப்பட்டவையும் உண்டு. எது உருப்படி, எது ஒப்பேற்றியது என்று பெயின்ட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

அந்த வீட்டு அண்ணன் கணக்கு எளிமையானது. அடிப்பக்கம் இரண்டு வெடிப்பு. "மேல ரெண்டு மேட் போட்டு ரெசின் பூசுனா ஒரே வாரத்துல இறங்கிடலாம்." அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. போன வருடத்திலிருந்தே மகன் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்: இன்ஜின் போல்ட்டை எத்தனை முறை முறுக்கினாலும் மாதத்துக்குள் மறுபடி லூஸாகிவிடுகிறது. "வெடிப்பு கெடக்கட்டுங்க. இன்ஜின் உக்கார்ற பலகையைத் திறந்து பாருங்க. நடுக்கடல்ல அது பேந்தா, படகுல இருக்குற மூணு பேருக்கும் யாரு பதில் சொல்றது?" அந்த மூன்று பேர், அவர் கணவர், மகன், தம்பி.

அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. ஃபைபர் மக்காது என்பது உண்மைதான். ஆனால், படகில் ஃபைபர் மட்டுமா இருக்கிறது? இன்ஜினைத் தாங்கும் பலகை, குறுக்குச் சட்டம் எல்லாம் மரம். மரத்தை வைத்து அதன்மேல் ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். போல்ட் போட ஓட்டை துளைக்கும்போது அந்த ஓட்டையின் உள்சுவரை யாரும் பூசி அடைப்பதில்லை. உப்புத் தண்ணீர் அது வழியாக இறங்கி, வருடக்கணக்கில் உள்ளேயே நின்று மரத்தை ஊறவைக்கும். வெளியே ஃபைபர் பளபளவென்று இருக்கும். உள்ளே மரம் பிண்ணாக்கு மாதிரி உதிரும். முறுக்க முறுக்க மரம் நசுங்குவதால்தான் போல்ட் நிற்பதில்லை.

தட்டினால் தெரியும்

பரிசோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம், சின்னச் சுத்தியலே போதும். படகு முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் 'டங்' என்று கறாராகச் சத்தம் வரும். அடுக்குகள் பிரிந்த இடத்திலும் மரம் மக்கிய இடத்திலும் 'தொப்' என்று செத்த சத்தம். அப்படிக் கேட்கிற இடத்தையெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும்.

படகை நிமிர்த்திவைத்துத் தட்டியபோது இன்ஜின் பலகையைச் சுற்றி வட்டமே முடியவில்லை. சின்ன டிரில் பிட்டால் ஓர் ஓட்டை போட்டதும் காய்ந்த மரத்தூளுக்குப் பதிலாகக் காபித்தூள் நிறத்தில் ஈரச் சக்கை வந்தது. அதன்பிறகு அண்ணன் 'ஒரு வாரம்' என்ற பேச்சையே எடுக்கவில்லை.

மிதப்புக்காக ஃபோம் வைத்து மூடியிருக்கும் பெட்டிகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பழைய ஃபோம் தண்ணீர் குடித்திருந்தால் படகு கனத்துப்போகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். கவிழ்ந்தால் மிதக்கவைக்க வேண்டிய பொருளே கீழே இழுக்கும். அடியில் துளை போட்டால் சொட்டுச் சொட்டாக வடியும். புதிதாக ஃபோம் வைக்கும்போது தெர்மோகோலை வெட்டிப்போட்டு அதன்மேல் ரெசின் ஊற்றுபவர்கள் உண்டு. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பட்டதும் தெர்மோகோல் சர்க்கரைப் பாகு மாதிரி கரைந்துவிடும். பாலியூரித்தேன் ஃபோம்தான் தாங்கும்.

காயவைப்பதே பாதி வேலை

உப்பு போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி, நிழலில் வாரக்கணக்கில் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடி பிளாஸ்டிக் துண்டு ஒன்றை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, வெயில் படும்படி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. ஈரத்தின்மேல் ரெசின் பூசுவது காசைக் கடலில் போடுவதற்குச் சமம்.

அடுத்தது தேய்ப்பு. பழைய ஃபைபரோடு புது ரெசின் தானாக ஒன்றிவிடாது. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் வெடிப்பின்மேல் அப்படியே ஒட்டுப் போடுவது புண்ணைக் கழுவாமல் பிளாஸ்திரி ஒட்டுகிற கதை. வெடிப்பை 'வி' மாதிரி திறந்து, சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவு, தடிமனைப் போல 12 மடங்கு அகலம் இருப்பது நல்லது. அடிப்பக்கம் 6 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 7 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சின்ன வெடிப்பு கையகலப் பள்ளமாக ஆவதைப் பார்த்தால் வயிறு கலங்கும். கலங்கினாலும் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு பொருள் வாங்குவது? சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட், ஓர் அடுக்கு போட்டால் சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன் வரும். மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். ஆக, ஒரு சதுர மீட்டரில் 6 மில்லிமீட்டர் ஏற்ற 6 அடுக்கு, மேட் 2.7 கிலோ, ரெசின் ஏழு கிலோவுக்குள். அக்கா இதைப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். 'கூட ஊத்துனா உறுதி' என்று நினைத்து ரெசினை வழியவிட்டால் நேர்மாறாகத்தான் நடக்கும். பலம் கொடுப்பது கண்ணாடி இழை. ரெசின் மட்டும் தடிமனாக நின்றால் விறைத்து உடையும். அதேபோல ரோலரால் காற்றுக் குமிழியை முழுசாக வெளியேற்ற வேண்டும். வெள்ளையாகத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் நாளைக்குத் தண்ணீர் புகும் வாசல்.

தண்ணி பாட்டிலில் வைக்காதீங்க

இந்த வேலை பட்டறையில் நடந்தால் வேறு, வீட்டில் நடந்தால் வேறு. ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட், பார்க்க அசல் தண்ணீர் மாதிரியே இருக்கும். கடையில் சில்லறையாக வாங்கும்போது குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதும், அது அப்படியே திண்ணையில் நிற்பதும் சகஜம். ஒரு குழந்தை தாகத்துக்கு எடுத்து ஒரு வாய் குடித்தால் தொண்டையும் வயிறும் வெந்துபோகும், உயிரே போகலாம். கண்ணில் தெறித்தால் பார்வை போகும் அபாயம் உண்டு. தெறித்த நொடியே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கண்ணைக் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் கேட்டலிஸ்ட், பெயர் எழுதிய கேனில், பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள் நிழலில் இருக்கிறது. சாவி அக்காவின் இடுப்பில்.

அளப்பதற்குக் கோடு போட்ட இருமல் டானிக் மூடி வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் வரைதான் கேட்டலிஸ்ட். வெயில் ஏற ஏறக் குறைவாகப் போதும். அந்த மூடி திரும்ப மருந்து டப்பாவுக்குப் போகவே கூடாது. கோபால்ட் தனியாகச் சேர்க்கிற ரெசின் என்றால், முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே கையால் ஒரே மூடியில் இரண்டையும் அளக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கலந்த ரெசினை ஆழமான வாளியில் விட்டால் தன் சூட்டிலேயே புகையும். அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுதான் நல்லது. துடைத்த துணியைத் தண்ணீர் வாளியில் போட வேண்டும், குப்பையில் அல்ல. அசிட்டோன் டப்பா திறந்திருக்கும்போது விறகடுப்பு எரியக் கூடாது என்பதால், ரெசின் வேலை நடந்த நாட்களில் பக்கத்து வீட்டுச் சித்திதான் மதியச் சாப்பாடு கொடுத்தார். ஸ்டைரீன் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் உள்பள்ளத்தில் தேங்கி நிற்கும். உள்ளே குனிந்து வேலை செய்கிறவருக்குத் தலை சுற்றினால் 'பசி மயக்கம்' என்று நினைக்காமல் வெளியே வந்துவிட வேண்டும். தூசிக்குப் போடும் மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது, அதற்கென்று ஃபில்டர் வைத்த மாஸ்க் இருக்கிறது. தேய்ப்பு நாளில் போட்ட சட்டை, லுங்கியைத் தனியாகத்தான் அலச வேண்டும். ஒருமுறை குழந்தை துணியோடு சேர்ந்துவிட்டால் இரவெல்லாம் வீடே சொறியும்.

தேய்த்த தூளை அடியில் தார்ப்பாய் விரித்துக் கூட்டி மூட்டை கட்டினார்கள். மண்ணில் விட்டால் அது போகிற இடம் வாய்க்கால், அப்புறம் கடல். ஃபைபரை இரும்பு மாதிரி உருக்கி மறுபடி வார்க்க வழியில்லை. கரையில் கைவிட்ட பழைய படகுகளைக் காயலான் கடைக்காரர்கூடத் தொடாததற்குக் காரணம் அதுதான். இருக்கிற படகைச் சரியாகப் பழுது பார்ப்பதற்கு, புதுப் படகின் லட்சக்கணக்கான விலையைத் தவிர இதுவும் ஒரு நியாயம்.

இன்ஜின் பலகைக்கு இந்த முறை ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். விலை கேட்டு அண்ணன் முகம் சுளித்தார். மகளின் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்துவைத்ததிலிருந்து கொஞ்சம் புரட்டியது அக்காதான். ஆடி மாதத்துக்குள் திரும்ப வைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் ஆரம்பித்தால் விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். அப்போது கடலுக்குப் போகும் சின்னப் படகுகளின் மீனுக்குக் கரையில் நல்ல விலை. அதற்குள் படகு தயாராக வேண்டும் என்கிற பதைப்பு வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. ஆனாலும் போல்ட் ஓட்டை விஷயத்தில் மகன் அவசரப்படவில்லை. தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, முழுக்க ரெசின் கலவையால் அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவில் மறுபடி துளைத்தான். இனி போல்ட்டைச் சுற்றி ஃபைபர்தான் இருக்கும், மரத்தைத் தண்ணீர் தொடாது.

கடைசிப் பூச்சில் மெழுகு கலந்த ரெசின். காற்றுப்பட்டால் மேற்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும் என்பதால் அது. அப்புறம் பெயின்ட், தேய்ப்பில் அழிந்த பதிவு எண். முதல் நாள் ஆழமில்லாத தண்ணீரில் படகைச் சும்மா மிதக்கவிட்டு, சாயங்காலம்வரை உள்ளே ஈரம் கசிகிறதா என்று பார்த்தார்கள். மறுநாள் இன்ஜினை ஏற்றி, கரை கண்ணில் தெரிகிற தூரத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம் ஓட்டம். திரும்பி வந்ததும் மகன் முதலில் ஸ்பேனரை எடுத்தான். நான்கு போல்ட்டும் இறுக்கமாகவே இருந்தன.

"ஒரு மாசம் ஓடட்டும், அப்புறம் திரும்பவும் பாரு" என்றார் அக்கா.