பானெட்டைத் திறக்கப் பயப்படாதீங்க



காரோட வாட்டர் பம்பை வீட்டு வாசல்லயே மாத்தினேன்னு சொன்னா, டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க என்னை ஒரு மாதிரி பார்க்கிறாங்க. சரியான கஞ்சன்னு சிலர் நினைக்கிறாங்க, இந்த வயசுல இவருக்கு எதுக்கு இந்த வேலைன்னு சிலர்.

எங்க பக்கம் கிணத்து மோட்டாரைப் பிரிச்சுப் பார்க்காத விவசாயி கம்மி. சீல் போனாலோ பேரிங் கத்தினாலோ கழட்டித்தான் ஆகணும். பயிர் வாடிக்கிட்டு இருக்கும்போது, மெக்கானிக் நாளன்னைக்கு வர்றேன்னு சொன்னா யாரு காத்திருக்கிறது? கார்ல இருக்கிறதும் அதே மாதிரி பம்புதான். உள்ளே ஒரு இம்பெல்லர், ஒரு ஷாப்ட், பேரிங், தண்ணி வெளியே வராம ஒரு சீல். அது கிணத்துத் தண்ணியை வயலுக்குத் தள்ளுது. இது இன்ஜின் சூட்டை வாங்கின தண்ணியை ரேடியேட்டருக்கு அனுப்பி, ஆற வெச்சு, திரும்பக் கொண்டு வருது.

எங்க வீட்டு வண்டி அப்பா வாங்கின பழைய அம்பாசிடர். போன பங்குனியில வண்டி நின்ன இடத்துல தண்ணி சொட்டியிருந்துச்சு. பம்போட உடம்புல அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சீல் தேய்ஞ்சா தண்ணி பேரிங்குக்குள்ள போகாம அந்த வழியா வெளியே சொட்டணும்னே அதை வெச்சிருக்காங்க. அங்கிருந்துதான் வந்துச்சு. இன்ஜின் ஆறின பிறகு பேன் இறக்கையைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன், லேசா ஆட்டம் இருந்துச்சு. இது வண்டியோட குத்தம் இல்லைங்க. ஏர் கலப்பைக் கொழு தேயிற மாதிரி, சீலும் பேரிங்கும் ஓட ஓடத் தேயும்.

டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல விசாரிச்சேன். வண்டியைப் பார்க்காமலே, “பம்ப், ரேடியேட்டர், ஹோஸ் எல்லாம் மாத்திடலாம்ணா”ன்னாங்க. எங்கிருந்து சொட்டுதுன்னு தெரிஞ்சதால நான் பம்பு மட்டும் வாங்கிட்டு வந்தேன். தெரியாம இருந்திருந்தா மூணுக்கும் காசு கொடுத்திருப்பேன். எனக்கு பம்பு, பேக்கிங், கூலண்ட் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

வேலை இவ்வளவுதான். இன்ஜின் நல்லா ஆறணும். பேட்டரி ஒயரைக் கழட்டணும். கீழே ஒரு டப் வெச்சு ரேடியேட்டர்த் தண்ணியை வடிக்கணும். ஹோஸைப் பிரிச்சு, ரேடியேட்டரை வெளியே எடுத்துட்டா கை போக இடம் கிடைக்கும். பேன் பெல்ட்டைத் தளர்த்தி எடுத்து, பேனைக் கழட்டினா பம்பு முன்னாடியே நிக்கும். 4 போல்ட்டுல வந்துரும். பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுக்கிற இடத்துலதான் பொறுமை வேணும். துளி பிசிறு இருந்தாலும் மறுபடி ஒழுகும். புதுசை மாட்டும்போது ஒரு பக்கமாவே முறுக்காம, எதிரெதிர் போல்ட்டா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். பெல்ட்டை ரொம்ப விறைப்பா வெச்சா புது பேரிங்கும் சீக்கிரம் போயிரும்.

எங்க போர்த் தண்ணி உப்பு. சொட்டுநீர்க் குழாயையே அடைக்கிற தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தினா என்ன ஆகும்? டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் கலந்து ஊத்துறதுதான் நல்லது.

ரெண்டு விஷயத்துல விளையாடக் கூடாது. ஒண்ணு, சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கிறது. விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்பாங்களா? இதுவும் அப்படித்தான். ரெண்டாவது, வடிச்ச கூலண்ட். அது இனிப்பா இருக்கும், ஆனா விஷம். நாயோ கன்னுக்குட்டியோ நக்கினா உயிருக்கே ஆபத்து. சாக்கடையிலயும் வாய்க்கால்லயும் ஊத்தாம கேன்ல பிடிச்சு, ஒர்க்‌ஷாப்புல வாங்கிக்கிறாங்களான்னு கேட்டுக் கொடுங்க.

சென்னையில ஐடி கம்பெனியில இருக்கிற தங்கச்சி மகன் லீவுக்கு வந்திருந்தான். “மாமா, என் கார்லயும் இப்படிப் பண்ணலாமா?”ன்னு கேட்டான். “வேண்டாம் மாப்ள”ன்னேன். சில கார்கள்ல வாட்டர் பம்பு டைமிங் பெல்ட்டுல சுத்துது. அந்த பெல்ட்டைத் திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போனாலும் டைமிங் மாறிடும். சில இன்ஜின்ல வால்வும் பிஸ்டனுமே மோதிக்கும். அது விவரம் தெரிஞ்ச மெக்கானிக் வேலை. டைமிங் பெல்ட் மாத்தும்போதே பம்பையும் சேர்த்து மாத்தச் சொன்னா அது நியாயமான யோசனை, ரெண்டு தடவை பிரிக்கிற கூலி மிச்சம். இந்த வித்தியாசம் தெரிஞ்சாலே போதும், ஸ்பேனரைத் தொடணும்னு அவசியம் இல்லை.

எல்லாரும் வீட்டுல பிரிச்சா மெக்கானிக் பொழைப்பு என்ன ஆகும்னு கேப்பீங்க. எதிரெதிர் போல்ட்டா இறுக்கச் சொல்லிக் கொடுத்ததே எங்க ஊர் மெக்கானிக்தான். இன்னைக்கும் பெரிய வேலைன்னா அவர்கிட்டத்தான் போறேன். விவரம் தெரிஞ்சவன் வந்தா நல்ல மெக்கானிக்குக்குச் சந்தோஷம்தான்.

நான் கவலைப்படுறது வேற. காசு கொடுத்து வாங்கின பொருளைத் திறக்கிற தைரியம் நம்மகிட்ட இருந்து போய்க்கிட்டிருக்கு. திறக்க முடியாத மாதிரியே செஞ்சும் விக்கிறாங்க. புது டிராக்டர்லகூட லைட் எரிஞ்சா லேப்டாப்போட ஆள் வரணும். மழைக்கு முன்னாடி உழுதாகணும்கிறவன் அதுவரைக்கும் வானத்தைப் பார்த்துட்டு நிக்கணும். 2022 ஜூலையில மத்திய அரசோட நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டுச்சு. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம்னு 4 துறையை அதுல எடுத்துக்கிட்டாங்க. நல்ல காரியம். உதிரி பாகமும் பிரிச்சு மாட்டுற விவரமும் யாருக்கும் கிடைக்கணும்னு அது சட்டமாகவே வரணும்கிறது என் கட்சி. ஆனா திறந்து பார்க்கவே ஆசைப்படாதவங்களுக்கு அந்த உரிமை எதுக்கு?

கோயம்புத்தூர் பக்கம் இன்னைக்கு இத்தனை பம்பு, மோட்டார் பட்டறை இருக்குன்னா, பிரிச்சுப் பார்க்க ஆசைப்பட்டவங்களும் அதுக்கு ஒரு காரணம். ஜி.டி. நாயுடு கலங்கல் கிராமத்து விவசாயி மகன். மோட்டார் சைக்கிளைப் பிரிச்சு மாட்டித்தான் அவர் இயந்திரம் கத்துக்கிட்டார்.

ஞாயித்துக்கிழமை காலையில, வண்டி ஆறியிருக்கும்போது பானெட்டைத் தூக்கிப் பாருங்க. கூலண்ட் டப்பாவுல அளவு எங்க நிக்குது? பெல்ட்டுல வெடிப்பு இருக்கா? வண்டிக்கு அடியில ஈரம் இருக்கா? பம்பு எந்தப் பக்கம்? பிள்ளைங்களையும் பக்கத்துல கூப்பிட்டு வெச்சுக்கங்க. சொட்டுத் தண்ணியை இன்னைக்குப் பார்த்துட்டா பம்போட போகும். பார்க்காம ஓட்டினா ஹெட்டு வளைஞ்சு, இன்ஜினையே இறக்க வேண்டி வரும்.