ரங்கூன் ராதாவும் தாமுவேயின் பிள்ளைகளும்

புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழும் வாக்குவாதம் ஒன்று உண்டு. தாம் இளமையில் கண்டு நெகிழ்ந்த தமிழ்த் திரைப்படமொன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டப் பெற்றோர் அமர்கின்றனர். அரை மணி நேரம் கழியுமுன் பிள்ளை கைப்பேசியில் தேடிப் பார்த்து, "இது அந்த ஆங்கிலப் படத்தின் நகல்தானே?" என்று கேட்டுவிடுகின்றது. பெற்றோரிடம் மறுமொழி இல்லை. இலண்டனிலும் தொரொன்ரோவிலும் நிகழும் இது, யாங்கோன் மாநகரின் தாமுவே போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் புதிதன்று. பேச்சு அந்தப் படத்தோடு முடிந்துவிட்டால் கேடில்லை. ஆனால், "தமிழில் சொந்தமாக எதுவுமே இல்லை" என்னும் முடிவுக்குப் பிள்ளை வந்துசேர்வதும், மொழியின் மீதே அதற்கு ஒரு இளக்காரம் ஏற்படுவதும் கவலைக்குரியன. மியன்மாரில் தமிழ் பயிலக் கோயில்களையும் விடுமுறைக்கால வகுப்புகளையும் விட்டால், திரைப்படமே பெரும் வாயிலாக இருந்து வருகின்றது என்பதை எண்ணும்போது இக்கவலை இரட்டிப்பாகின்றது.

பிள்ளைகளின் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. 1996இல் வெளிவந்த 'அவ்வை சண்முகி'க்கு மூன்றாண்டு மூத்தது 'மிசஸ் டவுட்ஃபயர்'. 2005ஆம் ஆண்டின் 'கஜினி'யைப் பார்த்தவர்கள் 2000ஆம் ஆண்டின் 'மெமெண்டோ'வைப் பார்த்தால் வியப்படைய மாட்டார்கள். சிவாஜி கணேசனின் 'புதிய பறவை' (1964) வங்காளப் படமொன்றின் வழி வந்தது. அந்த வங்காளப் படமோ 1958ஆம் ஆண்டின் பிரித்தானியப் படமொன்றின் வழி வந்தது. இவற்றை மறைப்பதாலோ மழுப்புவதாலோ பயனில்லை. இளந்தலைமுறை எதையும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும் காலம் இது.

எனினும், எடுத்தாளப்பட்ட கதை எல்லாம் இழிந்தது என்று கூறிவிட முடியுமா? இதற்கு விடை தேடத் தாமுவே மக்களுக்கு மிகவும் நெருங்கிய பெயரைக் கொண்ட படமொன்றையே எடுத்துக்கொள்ளலாம். 1956இல் வெளிவந்த 'ரங்கூன் ராதா' அது. பேரறிஞர் அண்ணா எழுதிய புதினத்துக்குக் கலைஞர் கருணாநிதி உரையாடல் தீட்ட, ஏ. காசிலிங்கம் இயக்கினார். சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்தனர். திராவிட இயக்கத்தின் திரைப்படைப்புகளுள் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் இப்படத்தின் மூலக்கரு எங்கிருந்து வந்தது என்றால், ஜார்ஜ் கியூக்கர் இயக்கிய 'கேஸ்லைட்' (1944) என்னும் அமெரிக்கப் படத்திலிருந்து.

அந்த 'கேஸ்லைட்' படத்தின் வரலாறே சுவையானது. அதற்கு மூலம் பாட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய மேடை நாடகம். 1940இல் பிரித்தானியாவில் தோரால்ட் டிக்கின்சன் அதனைப் படமாக்கினார். அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனம் உரிமையை வாங்கியபோது, பிரித்தானியப் படத்தின் சுருள்களை அழித்துவிட வேண்டும் என்று கோரியது. நல்லூழாகச் சில பிரதிகள் தப்பின. ஆகவே, மூலத்தை எடுத்துக்கொண்டு அதன் தடத்தையே துடைத்துவிட முயலும் வழக்கம் கோடம்பாக்கத்தின் கண்டுபிடிப்பன்று என்பதைப் பிள்ளைகள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

இனி அண்ணா செய்ததைக் காண்போம். ஆங்கிலப் படத்தில், மேன்மாடத்தில் ஒளித்து வைக்கப்பட்ட நகைகளைக் கணவன் இரவில் கள்ளத்தனமாகத் தேடுகின்றான். அவன் அங்கு விளக்கை ஏற்றும்போது கீழே மனைவியின் அறையிலுள்ள வாயு விளக்கு மங்குகின்றது. மங்கியதை அவள் சொன்னால், "அப்படி ஒன்றும் நடக்கவில்லை, உனக்குத்தான் சித்தம் கலங்கிவிட்டது" என்று அவளையே நம்பவைக்கின்றான். ஒருவரைத் தம் அறிவின் மீதே ஐயம் கொள்ளச் செய்யும் கொடுமைக்கு ஆங்கிலத்தில் இப்படத்தின் பெயரே சொல்லாகிவிட்டது. 2022இல் அமெரிக்க அகராதி நிறுவனமொன்று அதனை ஆண்டின் சொல்லாகவும் அறிவித்தது.

தமிழ்நாட்டுச் செல்வர் வீட்டில் வாயு விளக்கு ஏது? அங்கிருந்தது பேய். மனைவியின் தங்கைக்குரிய சொத்தை அடையும் பொருட்டு அத்தங்கையையும் மணக்க விரும்பும் பெரிய மனிதர் ஒருவர், தம் மனைவி ரங்கம் பேய் பிடித்தவள், சித்தம் கலங்கியவள் என்று ஊரை நம்பச் செய்கின்றார். ஊரும் நம்புகின்றது. ஆங்கிலக் கதையில் கணவன் ஒருவன் மட்டுமே கயவன். வெளியுலகம் வந்து அந்தப் பெண்ணை மீட்கின்றது. தமிழ்க் கதையிலோ வெளியுலகமே கணவனுக்கு உடந்தை. பேயோட்டும் வழக்கமும், ஆணின் இரண்டாம் திருமணத்துக்குத் தலையாட்டும் ஊர்ப் பெரியவர்களும், பெண்ணின் சொல்லுக்கு மதிப்பளிக்காத குடும்பமும் சேர்ந்து அவளை வீழ்த்துகின்றன. தப்பிப் பிழைக்க அவளுக்கு ஒரே வழி கடல் கடந்து ரங்கூனுக்குப் போவதுதான்.

கதைக்கரு வந்தது வெளியிலிருந்து. சினம் வந்தது உள்ளிருந்து. அச்சினம் ஹாமில்டனிடம் இல்லை, கியூக்கரிடமும் இல்லை. அதனாலேயே 'ரங்கூன் ராதா'வை நகல் என்று அழைப்பது பொருந்தாது. கடன் வாங்கிய விதையாக இருப்பினும், எந்த மண்ணில் அது ஊன்றப்பட்டது, அந்த மண்ணின் நோயைப் பற்றி அது ஏதேனும் புதிதாகச் சொல்லிற்றா என்பதையே கேட்க வேண்டும். 'கஜினி'யிடமும் 'அவ்வை சண்முகி'யிடமும் பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்கட்டும். சில படங்கள் தேறும், பல தேறமாட்டா. பெற்றோர் அதற்காக வருந்த வேண்டியதில்லை.

அண்மைக்கால எடுத்துக்காட்டொன்றும் உண்டு. ஜீத்து ஜோசப் மலையாளத்தில் 2013இல் எடுத்த 'திருஷ்யம்' தமிழில் 'பாபநாசம்' (2015) ஆயிற்று. இலங்கையில் சிங்களத்தில் 'தர்மயுத்தய' (2017) ஆயிற்று. 2019இல் சீன மொழிக்கும் சென்றது. சீனப் படத்தை இயக்கியவர் மலேசியரான சாம் குவா. அவர் அக்கதையைத் தாய்லாந்தில் குடியேறி வாழும் சீனக் குடும்பத்தின் கதையாக மாற்றினார். அயல் மண்ணில், அயல் அதிகாரிகளின் முன் நின்று தன் குடும்பத்தைக் காக்கப் பாடுபடும் ஒருவனைக் காணும்போது, புலம்பெயர்ந்த எவருக்கும் அது இரவல் கதையாகத் தோன்றாது. தென்னிந்தியர்கள் கொடுக்கும் இடத்திலும் இருக்கின்றார்கள் என்பதற்கும் இதுவே சான்று.

கொண்டும் கொடுத்தும் வளர்வது கலையின் இயல்பு என்று கொண்டாலும், கொண்டதை ஒளிப்பது வேறு. பர்மியரின் பழக்கத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அயல்நாட்டு மெட்டில் பர்மியச் சொற்களை அமைத்துப் பாடும் பாடல்கள் அந்நாட்டில் பல பத்தாண்டுகளாகப் பெருவழக்கில் உள்ளன. அவற்றுக்கு மக்கள் இட்ட பெயர் 'காப்பி தச்சின்'. தச்சின் என்றால் பாட்டு. தாமுவேயின் தேநீர்க் கடைகளில் அமர்ந்திருப்போர் இச்சொல்லை வெட்கத்தோடு சொல்வதில்லை. வகையின் பெயராகவே சொல்கின்றனர். சொந்த மெட்டில் அமைந்த பாடலுக்கு வேறு பெயர். 1914ஆம் ஆண்டுப் பழைய பதிப்புரிமைச் சட்டமே நெடுங்காலம் நீடித்ததும், 2019இல்தான் புதிய சட்டம் இயற்றப்பட்டதும் இப்பழக்கம் வேரூன்ற இடமளித்தன. உரிமையாளருக்கு உரியதைக் கொடுக்காதது குறையே என்றாலும், பெயரிட்டு அழைக்கும் அந்த நேர்மை கோடம்பாக்கத்துக்கு வாய்க்கவில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், கருத்துக்கு எவரும் உரிமை கொண்டாட இயலாது, கருத்து வெளிப்படுத்தப்பட்ட வடிவத்துக்கே பாதுகாப்பு உண்டு என்று கூறிவிட்டது. இந்த இடைவெளியில் பெரிய தயாரிப்பாளர்கள் தாராளமாக நடமாடுகின்றனர். சிறிய எழுத்தாளர்கள் மிதிபடுகின்றனர். 2018இல் 'சர்கார்' படத்தின் கதை குறித்து வருண் ராஜேந்திரன் என்னும் உதவி இயக்குநர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. முடிவில் அவருக்குப் படத்தில் நன்றி தெரிவிக்க இணக்கம் காணப்பட்டது. ஒரு வரி நன்றிக்கு நீதிமன்றப் படியேற வேண்டியிருப்பது தமிழ்த் திரையுலகுக்குப் பெருமை தருவதன்று.

இனி, தாமுவேக்கு நேரே உரிய செய்திக்கு வருவோம். தமிழ்த் திரை எங்கெங்கிருந்தோ கதைகளை எடுத்தது. ஆயினும் தன் கையருகிலிருந்த ரங்கூனிலிருந்து எடுத்தது எவ்வளவு?

1952இன் 'பராசக்தி' பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து உருவானது. மூன்று உடன்பிறந்தார் ரங்கூனில் வாழ்கின்றனர், போர் மூள்கின்றது, கப்பலில் ஒருவருக்கே இடம் கிடைக்கின்றது, மற்றவர்கள் நடக்கின்றனர், ஒருவன் காலை இழக்கின்றான். 1941 திசம்பரில் ரங்கூன் மீது யப்பானியர் குண்டு வீசியதும், அதன்பின் இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து இந்தியாவுக்கு நடந்ததும், அவர்களுள் பல்லாயிரவர் வழியிலேயே மடிந்ததும் வரலாறு. ஆனால் படத்துக்கு ரங்கூன் ஒரு வாசற்படி மட்டுமே. படம் பேச விரும்பியது தமிழ்நாட்டைப் பற்றி, அது தவறுமன்று. அந்தப் பெயரை அண்மையில் சுதா கொங்கரா தம் படத்துக்குச் சூட்டியபோது, அதன் களம் 1960களின் இந்தித் திணிப்பு எதிர்ப்பாயிற்று. பெயரைச் சூட்டுவதும் ஒருவகை வணக்கமே. எனினும் பழைய 'பராசக்தி'யின் வாசற்படியில் நின்ற ரங்கூன் இந்த வணக்கத்தில் இடம்பெறவில்லை. 2017இல் வந்த 'ரங்கூன்' சென்னையில் வாழும் பர்மாத் தமிழ் இளைஞன் தங்கக் கடத்தலில் சிக்குவதைச் சொன்னது. சென்னைப் பர்மா பசாரின் வாடையை உணர்ந்து எடுக்கப்பட்ட படம் என்ற வகையில் அது பாராட்டுக்குரியது. அதுவும் திரும்பி வந்தவர்களின் கதையே.

திரும்பாதவர்கள்? 1962க்குப் பின் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத்து நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் ஏறக்குறைய வெறுங்கையோடு கப்பலேறினர். எஞ்சியவர்கள் பர்மியப் பெயர் சூட்டிக்கொண்டும், 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் தங்கள் இருப்பை மெய்ப்பித்துக்கொண்டும் தாமுவே போன்ற இடங்களில் வாழ்ந்தனர். இத்தனை பெரிய வாழ்வும் வீழ்ச்சியும் தமிழ்த் திரையில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. 1942இல் தாம் நடந்த வழியை வெ. சாமிநாத சர்மா பர்மா வழிநடைப் பயணமாக எழுதி வைத்துள்ளார். ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்தியவர் அவர். எந்த அயல்நாட்டுப் படத்தையும் நாடாமல் எடுக்கத்தக்க மூலம் தமிழிலேயே அச்சில் இருக்கும்போது, மேலைநாட்டுக் குறுவட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்ததை என்னவென்று சொல்வது!

காலம் வேறு குறுகிவிட்டது. நடைப்பயணத்தில் தோளில் சுமக்கப்பட்ட குழந்தைகளுக்கு இன்று எண்பதைக் கடந்துவிட்டது. 1964இன் சிறுவர்களும் எழுபதைத் தாண்டிவிட்டனர். மறுபுறம், 2021இன் இராணுவ ஆட்சிக் கவிழ்ப்பும், 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் மியன்மார் இளைஞர்களைப் பெருந்தொகையாக நாட்டைவிட்டு வெளியேற்றி வருகின்றன. கதை சொல்ல வேண்டியவர்கள் முதுமையில். கேட்க வேண்டியவர்கள் பயணத்தில்.

தமிழ்த் திரைப்பட வசனங்களுக்கு வாயசைத்துக் குறும்படம் எடுத்துப் பரிமாறும் பழக்கம் பிள்ளைகளிடம் மிகுந்துள்ளதைப் பெற்றோர் கடிந்துகொள்கின்றனர். கடிய வேண்டியதில்லை. பிறர் குரலைப் பாவனை செய்துதான் எந்தக் கலைஞனும் தொடங்குகின்றான். சட்டகத்தில் முகத்தை எவ்வாறு நிறுத்துவது, ஒளி எப்பக்கமிருந்து விழ வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்பனவற்றை அப்பிள்ளைகள் அறிந்துகொண்டுவிட்டனர். அதே கைப்பேசியை வரும் ஞாயிற்றுக்கிழமை பாட்டியாரின் முன் நிறுத்தலாம். இன்றைய மியன்மாரில் வெளிப்படையாகப் படமெடுப்பது எளிதன்று. வீட்டுக்குள் அமர்ந்து பேசுவதற்குத் தடையில்லை. பெரிய கேள்விகளால் முதியவர்கள் வாயடைத்துப் போவார்கள். ஆகவே, 1964 மே மாதத்தில் வீட்டுப் பெட்டிக்குள் எத்தனை நூறு கியாத்து நோட்டுகள் இருந்தன, அறிவிப்பு வந்த அன்று அவற்றை என்ன செய்தீர்கள் என்று கேட்டுத் தொடங்கலாம்.