அப்பாயியின் கரிக்கோட்டுக் கணக்கு

எங்கள் தோட்டக் கமிட்டியின் பழைய பதிவேட்டைப் போன மாதம் புரட்டிப் பார்த்தேன். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வரிசையாகப் பெயர்கள். அத்தனையும் ஆண்கள். என் அப்பாயியின் பெயர் சந்தாப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் சந்தா கட்டியவர் அவர். இந்தத் தை மாதம் 78 வயதில் காலமானார். அடுத்த டிவிசனிலிருந்தும் லொறி பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பதவி எதுவும் இல்லாத ஒரு கிழவிக்கு ஏன் இத்தனை கூட்டம் என்று புதிதாக வந்த உத்தியோகத்தர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பன்னிரண்டு வயதிலேயே அரைப்பேருக்குக் கூடை தூக்கியவர். ஆனால் எங்கள் இஸ்தோப்புச் சுவரில் அடுப்புக்கரியால் கணக்கு வைத்திருந்தார். முழுப்பேருக்கு நீளக் கோடு, அரைப்பேருக்குக் குட்டைக் கோடு, ஞாயிறு கைக்காசுக்கு ஒரு வட்டம். தனக்கு மட்டுமில்லை, லயத்தில் இருந்த பன்னிரண்டு காம்பராப் பெண்களுக்கும் அந்தச் சுவர்தான் செக்ரோல். சம்பள நாளில் ஒவ்வொருவர் துண்டையும் என் அப்பாவை வாசிக்கச் சொல்லிச் சுவரோடு ஒத்துப் பார்ப்பாராம். ஒருமுறை பக்கத்துக் காம்பராக்காரிக்கு மூன்று நாள் பேர் குறைந்திருந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு பிரட்டுக்களத்தில் போய் நின்றார்.

"கணக்கப்பிள்ளை ஐயா, எழுத்து ஒங்களுக்குத் தெரியும். இவ வேலைக்கு வந்த நாளு எனக்குத் தெரியும்."

அடுத்த மாதச் சம்பளத்தில் அந்த மூன்று நாளும் சேர்ந்து வந்தது. இதை இன்றைக்கும் லயத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

காகிதம் என்றால் அவருக்கு ஒரு பயமும் உண்டு, ஒரு மரியாதையும் உண்டு. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று நம்மைப் பங்கு போட்டார்கள். அப்பாயியின் அக்கா குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. அதற்குப் பிறகு அக்காவை அவர் பார்க்கவேயில்லை. அன்றிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட எறிய விடமாட்டார். எல்லாம் ஒரு தகர பிஸ்கட் டின்னுக்குள் போகும். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதியில் இன்னொரு பெயர் என்று இருந்த பெண்களை நச்சரித்து, கிராம சேவகரிடமும் தொழில் அலுவலகத்துக்கும் இழுத்துக்கொண்டு போனவர் அவர். அவர் கூட்டிப்போனவர்களுக்கு ஓய்வுபெறும்போது அலைச்சல் குறைந்தது.

அவரைத் தெய்வம் ஆக்க எனக்கு விருப்பமில்லை. வாய் பொல்லாதவர். குடித்துவிட்டு வருகிறவனை லயத்து முனையிலேயே நிறுத்தி வைத்து ஏசுவார். அதில் தலைவர்மாரும் தப்பியதில்லை.

தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. அந்த நாட்களில் அடுப்பெரியாத வீடுகளுக்காக அப்பாயி வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி சேர்த்தார். ராத்திரி லயம் லயமாக நடந்து, பயந்துபோன பெண்களிடம் பேசிப் பேசி வேலைக்கு இறங்காமல் பார்த்துக்கொண்டார். மேடையில் பேசியவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. பிடியரிசி சேர்த்தவர்கள் பெயர் இல்லை.

இதைத்தான் நான் சங்க வேலை என்கிறேன். மரண சகாயப் பணம் சேர்த்தது, பிள்ளைக்காம்பராவில் பால் மா குறைந்தபோது கேள்வி கேட்டது எல்லாம் அதில் சேரும். நாமோ அதை "நல்ல மனசு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நம் சங்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன். மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆனால் தலைவர் பதவிக்கு ஆள் தேடும்போது நம் கண்ணுக்கு அவர்கள் தெரிவதில்லை. மாதர் தலைவி என்று ஒருவரை வைத்து, மே தினத்துக்கு பஸ் நிரப்பவும் மாலை எடுத்துக் கொடுக்கவும் கூப்பிடுகிறோம்.

"பொம்பளைங்க கூட்டத்துக்கு வர்றதில்லையே" என்பார்கள். கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு வைத்தால் எப்படி வருவார்கள்? அந்த நேரத்தில் ரொட்டி சுடுவது யார்? மாலைக் கொழுந்து நிறுத்தி முடிந்ததும் கொழுந்து மடுவத்திலேயே அரை மணி நேரம் கூட்டம் வைத்துப் பாருங்கள்.

அப்பாயியின் சுவருக்கு இப்போதும் தேவை இருக்கிறது. தண்ணிக்கு, கூடைக்கு என்று தராசில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள்? யார் குறித்து வைக்கிறோம்? ஐந்து வருடம் வேலை செய்தவர் விலகினால் வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கணக்குப் பார்த்து 30 நாளுக்குள் சேவைக்காலப் பணம் கொடுக்க வேண்டும் என்பது 1983இல் வந்த சட்டம். அது தெரியாமல் ஆபீஸ் வாசலில் மாதக்கணக்கில் காத்திருக்கிற அம்மாமார் எத்தனை பேர்?

வரப்போகும் தோட்டக் கமிட்டித் தெரிவில் பாதி இடம் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு வேண்டும். அதில் ஒன்று தலைவர் இடமாகவும் இருக்கட்டும். எங்கள் டிவிசனில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம். இதற்கிடையில் மூன்று பெண்கள் தங்கள் மலையில் தினமும் நிறுக்கும் கிலோவையும் கழிக்கும் கிலோவையும் அப்பியாசக் கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். கொப்பியும் பேனையும் என் செலவு. மற்றத் தோட்டங்களில் யாராவது இப்படி எழுதுகிறீர்கள் என்றால் சங்கக் காரியாலயத்துக்குத் தெரியப்படுத்துங்கள். அடுத்த சம்பள நாளுக்கு முன்னே கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.