மருந்து வீட்டுக்கு வந்தாச்சு, டெஸ்ட் எப்போ?

"மெஷின் வாங்கிப் போட்டா டிபி ஒழிஞ்சிடும்"னு பேசறவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது. அடையாறுல நாலு படிச்சவங்க கூடினா சிப், பேட்டரி, ஆப்னு மணிக்கணக்கா பேச்சு. சளியிலேருந்து டி.என்.ஏ.வை யாரு சாமி பிரிச்சுக் குடுப்பாங்கன்னு கேளுங்க, சத்தமே இருக்காது.

கொஞ்சம் பழைய கதை. சேத்துப்பட்டுல 1956-ல் ஆரம்பிச்ச காசநோய் மையம், 1959-ல் உலகத்துக்கே ஒண்ணை நிரூபிச்சது. சானடோரியத்துல போய்ப் படுக்க வேணாம், வீட்டுல இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் கிட்டத்தட்ட அதே அளவு குணமாகும். மருந்தை வீட்டுக்குக் கொண்டு வந்த ஊருய்யா இது! டெஸ்ட் மட்டும்? சளி டப்பா இன்னும் லேபைத் தேடித்தான் போகுது. மைக்ரோஸ்கோப்ல தெரியணும்னா ஒரு மில்லி சளியில சுமார் 5,000லேருந்து 10,000 கிருமி இருக்கணும். அதுக்குக் கம்மியா இருக்கறவர் 'நெகட்டிவ்' சீட்டோட வீட்டுக்குப் போய் இருமிக்கிட்டிருப்பார்.

நம்ம நாட்டு ட்ரூநாட் பேட்டரியில ஓடுது. 2020-ல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைச்சது. பெருமைதான், மறுக்கலை. ஆனா அதுலயும் டி.என்.ஏ.வைப் பிரிக்கத் தனியா ஒரு கருவி வேணும். சிக்கல் அங்கதான்.

வழக்கமான முறை சிலிக்கா. குவானிடின் உப்பு போட்டு டி.என்.ஏ.வை அதுல ஒட்ட வெச்சு, ஆல்கஹால்ல கழுவணும். ரெண்டுல எது மிச்சம் இருந்தாலும் பி.சி.ஆர். படுத்துக்கும். இதுக்கு மாத்து, மேற்பரப்புல பூசற பாலிமர். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்சுமை. கைட்டோசான் பூச்சுக்கு அமிலத்துல, அதாவது பி.எச். 5 வாக்குல, நேர்மின்சுமை. கப்புனு பிடிச்சுக்கும். காரத்தன்மை கொஞ்சம் ஏறினா சுமை போயிடும், டி.என்.ஏ.வை விட்டுடும். உப்பும் வேணாம், ஆல்கஹாலும் வேணாம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல 2006-லேயே செஞ்சு காட்டியாச்சு.

"பூச்சு அடிச்சா போதுமா?"ன்னு கேப்பீங்க. போதாதுதான். டிபி கிருமியோட மெழுகுச் சுவரை முதல்ல உடைக்கணும். சளியில இருக்கற புரதமும் பூச்சுல ஒட்டி இடத்தை அடைச்சுக்கும். அதையெல்லாம் உட்கார்ந்து தீர்க்கற வேலைக்குத்தான் காசும் ஆளும் வேணும்ங்கறேன். ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்க பூச்சு லாயக்கில்லைதான். அதுக்காக விட்டுடறதா? உலகத்து டிபி நோயாளிகள்ல நாலுல ஒருத்தர் நம்ம நாட்டுக்காரர், ஐயா.

டிஸ்கி: கைட்டோசானுக்கு மூலப்பொருள் இறால் ஓடு. மயிலாப்பூர்லேருந்து ஒரு நடை நொச்சிக்குப்பம் மீன் மார்க்கெட் போனா காலடியில கிடக்கும்.