தழும்பின்மேல் மீண்டும் கத்தியா?



குடும்பத் தலைவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கும் கேள்வி இது. குடலில் துளை விழுந்து, நள்ளிரவில் வயிற்றைத் திறந்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. உயிர் மீண்டது, வயிறு பழைய வயிறாக மீளவில்லை. நெஞ்சுக்குழியின் கீழிருந்து அடிவயிறு வரை நெடுந்தழும்பு. அதன் இருபுறமும் தோல் மடிந்து தொங்குகிறது. மடிப்பில் வியர்வை தேங்கிக் கோடையில் புண்ணாகிறது. திருப்பலிக்கு வந்தால் கடைசி வரிசையில் தூணருகே ஒதுங்கி நிற்கிறார். தொங்கும் தோலை நீக்கி வயிற்றைச் சீராக்கும் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னாராம். "உயிரைக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் அழகைத் தேடுகிறாயே" என்று மாமியார் கடிந்துகொண்டாராம். "சுவாமி, இது பாவமா?" என்பது கேள்வி.

பாவமா என்பதற்கு விடை சுருக்கமானது. ஆபத்தா என்பதற்கு விடை நீளமானது. சுருக்கமானதை முதலில் முடித்துவிடுவோம்.

1958 அக்டோபர் 4-ஆம் நாள், தாம் இறைவனடி சேர்வதற்கு ஐந்து நாட்களுக்கு முன்பு, பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் இத்தாலிய பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களின் மாநாட்டினருக்கு உரையாற்றினார். உடலழகு ஒரு நன்மையே, ஆயினும் அதனினும் மேலான நன்மைகளுக்குக் கீழ்ப்பட்டது என்று அவர் விளக்கினார். நோக்கம் நேரியதாக இருந்து, உடல்நலத்துக்குப் பெருங்கேடு வராதபடி காக்கப்பட்டு, தக்க காரணமும் இருக்குமானால் இத்தகைய சிகிச்சை தகும். பிறரை மயக்கிப் பாவத்தில் வீழ்த்துவதற்கோ, குற்றவாளி நீதிக்குத் தப்புவதற்கோ, வெறும் பகட்டுக்கோ என்றால் தகாது. உறுப்புகளின் இயல்பான செயலைக் கெடுக்குமானாலும் தகாது. 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் உடலை வழிபாட்டுப் பொருளாக்கும் போக்கைத்தான் கண்டிக்கிறது. உடலைப் பேணுவதை அன்று. புயலில் கூரை பறந்தும் உயிர் தப்பியவர், ஆண்டவருக்கு நன்றி சொன்ன பிறகு கூரையை வேய்ந்துகொள்ளக் கூடாதா? மாமியாருக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவே.

இனி நீளமான விடை. புனித இஞ்ஞாசியாரின் வரலாற்றில் இதற்கு நெருங்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பலரும் அதை விரைந்து கடந்துவிடுகிறார்கள். 1521 மே 20-இல், பம்ப்லோனா கோட்டையைக் காக்கும் போரில், பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. அங்கே கட்டிய கட்டு சரியாகப் பொருந்தவில்லை. லொயோலாவிலுள்ள தம் இல்லத்துக்கு வந்தபின் எலும்பை மீண்டும் பிரித்துச் சேர்த்தார்கள். நிலைமை மோசமாகித் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று, புனித இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு முந்திய இரவில் சாவின் விளிம்பிலிருந்து மீண்டார். மீண்டவர் கண்ணில் பட்டது என்ன? முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒன்று புடைத்து நின்றது. நாகரிகமான காலணி அணிய முடியாது; அரசவையில் பொலிவாக நடக்க முடியாது. அதை அறுத்தெடுக்கச் சொன்னார். இதுவரை பட்ட வேதனைகளையெல்லாம் இது மிஞ்சும் என்று மருத்துவர்கள் எச்சரித்தும் அவர் பின்வாங்கவில்லை. மயக்க மருந்து இல்லாத காலம் அது! குறுகிய காலை நீட்டுவதற்காகப் பல நாட்கள் இழுவைக் கருவிகளைப் பூட்டினார்கள். இத்தனைக்குப் பிறகும் கால் குட்டையாகவே நின்றது. வாழ்நாள் முழுவதும் சற்று நொண்டியே நடந்தார். தம் சொந்த விருப்பத்துக்காகவே அந்தத் துன்பத்தை ஏற்றதாக, பிற்காலத்தில் அவரே சொல்லி எழுதச் செய்தார்.

வியர்வைப் புண்ணோடு வருந்தும் இத்தாயையும், காலணிக்காக வருந்திய அந்த இளம் வீரரையும் ஒரே தட்டில் வைக்க நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு பாடம் இருவருக்கும் பொது. ஒருமுறை அறுவைக்கு உட்பட்டுச் சாவை நெருங்கிய உடலில் செய்யும் இரண்டாம் அறுவை, கத்தி படாத உடலில் செய்வதற்கு ஒப்பானதன்று.

ஏன் என்பதை மருத்துவர்கள் தெளிவாக விளக்குகிறார்கள். இந்தச் சிகிச்சையில் அடிவயிற்றின் குறுக்கே ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை கீறி, தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து பிரித்து மார்பெலும்பின் ஓரம் வரை தூக்குகிறார்கள். விலகிய தசைகளை நடுவில் சேர்த்துத் தைத்து, தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி நீக்கி, தொப்புளுக்குப் புதிய வாசல் அமைக்கிறார்கள். தூக்கும்போது கீழிருந்து தோலுக்கு வரும் சிறு இரத்தக் குழாய்கள் பல அறுபடும். அதன்பின் அத்தோல் பக்கவாட்டிலிருந்து வரும் இரத்தத்தை நம்பியே பிழைக்க வேண்டும். பழைய தழும்பு இங்கேதான் குறுக்கிடுகிறது. வாய்க்காலின் குறுக்கே வரப்பு எழுப்பினால் அப்பால் உள்ள பயிர் வாடுவதுபோல, தழும்புக்கு அப்பால் உள்ள தோலுக்கு இரத்தம் போதாமல் போகலாம். தோல் கறுத்து அழுகலாம். நேர் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் தழும்பைத் தேர்ந்த மருத்துவர் திட்டமிட்டுச் சமாளிப்பார். பித்தப்பை அறுவையில் வலது விலாவின் கீழே சாய்வாகப் போடப்பட்ட பழைய நீள் கீறல் இன்னும் தொல்லையானது. புகை பிடிப்பவருக்கு இந்த ஆபத்து பன்மடங்கு. அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்தியாக வேண்டும். ஆண்களும் இச்சிகிச்சையை நாடுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

தோலுக்கு அடியில் இருப்பது இன்னும் முக்கியம். ஒருமுறை திறந்த வயிற்றில் குடல், உட்சுவரோடும் தழும்போடும் ஒட்டிக்கொள்வது வழக்கம். தைத்த தசை நாளடைவில் விலகி, அந்த இடைவெளி வழியே குடல் பிதுங்குவதும் அரிதன்று. இதையே தழும்புக் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா, என்கிறோம். பருத்த வயிற்றில் இது வெளியே தெரியாமல் கொழுப்புக்குள் மறைந்திருக்கும். அறியாமல் கத்தியோ, கொழுப்பை உறிஞ்சும் குழாயோ அங்கே நுழைந்தால் குடலில் துளை விழும். முதல் அறுவை எதற்காக நடந்ததோ அந்த ஆபத்தே மறுபடியும் வந்து சேரும்! ஆகவே வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் நாள் குறிக்கும் மருத்துவரிடம் போக வேண்டாம்.

நம் சகோதரியின் கேள்வியில் அவரே அறியாத இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கலாம். இருமும்போதோ, பாரம் தூக்கும்போதோ தழும்பருகே வீக்கம் எழுகிறதா? படுத்தால் அமுங்குகிறதா? ஆமெனில் அவருக்குத் தேவை அழகுச் சிகிச்சை என்று சொல்வதற்கில்லை. அது பழுதுபார்ப்பு, பெரும்பாலும் வலை வைத்துத் தைக்கும் சிகிச்சை. வெட்கப்பட்டு ஒத்திப்போடக் கூடாது. அமுங்காத வீக்கத்தோடு கடும் வலியும் வாந்தியும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்று அறுவை நிபுணரும் பிளாஸ்டிக் அறுவை நிபுணரும் சேர்ந்து, குடலிறக்கத்தையும் தொங்கும் தோலையும் ஒருங்கே சரிசெய்வதும் உண்டு. காப்பீட்டிலும் இந்த வேறுபாடு பொருளுள்ளது. அழகுக்கான சிகிச்சையை நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகள் பொதுவாக விலக்குகின்றன; விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றின் பின்னான சீரமைப்பும், மருத்துவர் கட்டாயமெனச் சான்றளிப்பதும் அந்த விலக்கில் அடங்கா.

வீக்கம் இல்லை, வடிவம் மட்டுமே குறை என்றால் அவசரம் எதற்கு? தழும்பு முதிர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். குடல் அறுவைக்குப் பின் பலருக்கு இரத்தச் சோகையும் புரதக் குறைவும் நீடிக்கும். சிறுகுடலின் கடைப்பகுதியை நீக்கியவருக்கு பி-12 சத்துக் குறையும். சத்தில்லாத உடலில் புண் ஆறாது. உடல் எடை சில மாதங்களேனும் ஒரே நிலையில் நிற்க வேண்டும். இது எடை குறைக்கும் சிகிச்சை அன்று. புற்றுநோய்க்காகக் குடலை நீக்கியவர், தொடர் பரிசோதனைகளைக் கவனித்துவரும் மருத்துவரின் இசைவின்றி இதை நினைக்கவே வேண்டாம். குடல் அழற்சி நோய் அடங்காதவருக்கும் இதுவே பொருந்தும்.

பெண்ணுக்கு வரன் பார்க்கும் பெற்றோர் சிலர், தழும்பை மறைத்துவிட்டால் போதும் என்று இதை நாடுவதாகக் கேள்விப்படும்போது மனம் வருந்துகிறது. தழும்பு மறைவதில்லை. தொப்புளுக்குக் கீழிருந்த பகுதி, வெட்டும் தோலோடு போகலாம். மேற்பகுதி சற்றுக் கீழிறங்கி நிற்கும். அதோடு இடுப்பளவு நீளத்தில் புதுத் தழும்பு ஒன்றும் சேரும். அடுத்து வரும் கர்ப்பத்தில் தைத்த தசை மறுபடி தளரும் என்பதால், பிள்ளைப்பேறு முடிந்தபின் வரும்படியே மருத்துவர்கள் சொல்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் "எங்கள் பெண்ணுக்குக் குடலில் அறுவை நடந்தது" என்று நேராகச் சொல்லிவிட்டால் காசும் மிச்சம், பெண்ணின் நிம்மதியும் மிச்சம்.

வீட்டு நிலைமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் பத்து நாட்கள் குனிந்தே நடக்க வேண்டியிருக்கும்; நீர் வடியக் குழாய்கள் இருக்கும்; இடுப்பில் பட்டி. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குக் குடம், சிலிண்டர், கைக்குழந்தை எதையும் தூக்கலாகாது. அந்த ஆறு வாரங்கள் சமையலறையில் யார் நிற்பார்கள்? இதைக் கணவரிடம் முன்னதாகவே கேட்டு உறுதி பெறுங்கள். கேலி செய்தே மனைவியை இம்முடிவுக்குத் தள்ளிய கணவராக இருந்தால், அவரை என்னிடம் அனுப்பிவையுங்கள். கால் நரம்பில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் ஆபத்து மற்ற அழகுச் சிகிச்சைகளைவிட இதில் அதிகம். ஆகவே மருத்துவர் எழுந்து நடக்கச் சொன்னால் வலித்தாலும் நடக்க வேண்டும். நகையை அடகு வைத்து, தவணைக்கு அஞ்சி, வாரம் முடியுமுன் வேலைக்கு ஓடுபவர்கள் இதைச் செய்துகொள்ளாதிருப்பதே நலம்.

நோயில் பூசுதல் இதற்கு உண்டா என்றும் கேட்டிருக்கிறார். 1972-இன் சடங்கு நூல், ஆபத்தான நோயே காரணமாயிருக்கும் அறுவைக்கு முன் அதை அளிக்கலாம் என்கிறது. குடல் துளைபட்ட அன்று அது பொருந்தியது. வெறும் வடிவத்துக்கான சிகிச்சைக்குப் பொருந்தாது. செபமும் ஆசீரும் யாருக்கும் மறுக்கப்படுவதில்லை.

கடைசியாக, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது முதல் அறுவையின் காகிதங்களைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் குடல் நீக்கப்பட்டது, தையல் எதனால் போடப்பட்டது, வலை வைத்தார்களா, சீழ் பிடித்ததா என்பவை 'டிஸ்சார்ஜ் சம்மரி'யிலும் அறுவைக் குறிப்பிலும் இருக்கும். தொலைந்துபோயிருந்தால் மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, உள்நோயாளிகளின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் காக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நம் சகோதரிக்கு இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. இந்த மாதமே போய்க் கேட்டு வாங்கிவிடட்டும்.